புளியந்தீவில் ஒரு பகல்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் அப்பிரதேச மக்கள் இட்டு வழங்கும் பெயர்கள் கேட்டு மகிழத்தக்கன. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. அது படும் பக்கம் படுவான்கரை. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அந்நீர்ப்பரப்பின் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்நிலத்தில், ஊர்கள் ஒன்றோடொன்று தோளுரசி நெருங்கி நிற்கின்றன. மேற்கேயோ வயலும் குளமும் மாட்டுப்பட்டியும் காடும் விரிந்து செல்கின்றன. நெல்லும் பாலும் தயிரும் மேற்கிலிருந்து கிழக்கே செல்லும். கடிதமும் கட்டளையும் மருந்தும் கிழக்கிலிருந்து மேற்கே வரும். இக்கொடுக்கல் வாங்கலின் நடுவே, வாவிநீரால் சூழப்பட்ட சிறுநிலமாக அமைந்திருப்பது புளியந்தீவு. இன்று மட்டக்களப்பு நகரம் என உலகம் அறிவது பெரிதும் இத்தீவையே.

ஆயினும் அப்பெயர் இத்தீவுக்கு உரியதாகப் பிறந்ததன்று. மட்டக்களப்பு என்பது முற்காலத்தில் தெற்கே சம்மாந்துறைப் பகுதியைக் குறித்தது என்றும், புளியந்தீவிலே கோட்டை எழுந்தபின் பெயரும் அதனைத் தொடர்ந்து இங்கு வந்து குடியேறியது என்றும் ஆய்வாளர் கூறுவர். அதிகாரம் இடம்பெயரும்போது பெயரையும் தன்னோடு எடுத்துச் செல்கின்றது போலும்.

படுவான்கரையிலே, கொக்கட்டிச்சோலைக்கு அணித்தான கிராமமொன்றில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாழ்கின்றார். அகவை எழுபத்தெட்டு. அவருடைய மகளின் மகள் பேராதனையில் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் பயில்பவள். விடுமுறைக்கு வந்த அவளுடன் தோழியர் இருவரும் வந்திருந்தனர். ஒருத்தி யாழ்ப்பாணத்தவள், மற்றவள் ஹற்றனைச் சேர்ந்தவள். பேர்த்தி தன் ஆய்வுக் கட்டுரைக்காகக் கோட்டையைக் காண விரும்பினாள். யாழ்ப்பாணத்துப் பெண் கத்தோலிக்கக் குடும்பத்தவள் ஆதலின் மரியன்னை பேராலயத்தைக் காண வேண்டும் என்றாள். ஹற்றன் பெண்ணுக்கோ, சிறுவயது முதல் பாடப்புத்தகத்தில் மாத்திரம் கேட்டறிந்த பாடும் மீன்களின் மேல் ஆசை. முதியவர் வருவதாக முதலில் சொல்லவில்லை. பலகாலமாக அவர் நகருக்குப் போவது வைத்தியசாலைக்கும் ஓய்வூதிய அலுவலுக்கும் மாத்திரமே. எனினும் சனிக்கிழமை காலை, வெளுத்த வேட்டியும் சட்டையுமாக, பஸ் தரிப்பில் அவரே முதலாவதாக நின்றார்.

மண்முனையில் இன்று பாலம் உண்டு. 2014ஆம் ஆண்டு அது திறக்கப்படும்வரை, படுவான்கரையார் அவ்விடத்தில் வாவியைக் கடந்தது துறையிற் கட்டப்பட்டிருந்த பாதையிலும் தோணியிலுமே. பாதை என்பது இங்கு தெருவன்று. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கரைக்குக் கரை செல்லும் மிதவை. ‘பாதை அக்கரையில் நிற்கிறது’ என்று அக்காலத்தில் ஒருவர் சொன்னால் அதன் பொருள் இளைய தலைமுறைக்கு விளங்குவதில்லை. தோழியர் இருவரும் அச்சொல்லைக் கேட்டுச் சிரித்தனர். முதியவர் சிரிக்கவில்லை; பாலத்தின் நடுவில் பஸ் சென்றபோது, துறை இருந்த பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

பாலம் கடந்து ஆரையம்பதி, அதன்பின் காத்தான்குடி. பிரதான வீதியின் நடுவே வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்களைக் கண்டு தோழியர் வியந்தனர். அம்மரங்களைப் பற்றிச் சொல்லிய முதியவர், 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் அவ்வூரில் நிகழ்ந்ததையும் சொன்னார். இரவுத் தொழுகையில் நின்றோர்மீது இரு பள்ளிவாசல்களில் தமிழ் ஆயுததாரிகள் சுட்டதில் நூற்றுக்கு மேற்பட்டோர், சிறுவர் உட்பட, உயிரிழந்தனர். “நம்மட பேரைச் சொல்லித்தான் செய்தவங்க” என்றார் அவர். அதற்குமேல் எதுவும் கூறவில்லை. அடுத்த தரிப்பில் ஏறிய முஸ்லிம் பெரியவர் ஒருவர் அவரை அடையாளங்கண்டு, “மாஸ்டர், சுகமா?” என்று கேட்டுப் பக்கத்தில் அமர்ந்தார். கல்லடி வரும்வரை அவ்விருவரும் நெல்விலையைப் பற்றியே பேசினர்.

கல்லடியையும் புளியந்தீவையும் இணைக்கும் பழைய இரும்புப் பாலம் 1924இல் அமைக்கப்பட்டது; அப்போதைய தேசாதிபதி மனிங் என்பவரின் துணைவியார் பெயரால் லேடி மனிங் பாலம் என வழங்கியது. அதன் அருகே 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலத்திலேயே இன்று வாகனங்கள் செல்கின்றன. பழையது நடப்பவர்க்கும் தூண்டில் போடுபவர்க்குமென விடப்பட்டுள்ளது.

கோட்டையே முதலிற் காணவேண்டியதாயிற்று. வெயில் ஏறுமுன் பார்த்துவிட வேண்டும் என்பது பேர்த்தியின் திட்டம். இலங்கையின் ஏனைய கோட்டைகளோடு ஒப்பிட இது சிறியது. நான்கு கொத்தளங்கள், இருபுறம் வாவி, இருபுறம் அகழி. காலியைக் கண்டவருக்கு இது விளையாட்டுப் பொருள்போலத் தோன்றலாம். ஆனால் இத்தீவின் ஒல்லாந்தர் காலம் தொடங்கியது காலியில் அன்று, இங்கேதான். ஒல்லாந்தக் கடலோடி ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602 மே மாத இறுதியில் கண்டி அரசனைத் தேடி வந்து கரையிறங்கியது மட்டக்களப்பிலே. போர்த்துக்கேயர் 1628இல் இக்கோட்டையைக் கட்டினர். பத்தே ஆண்டுகளில், 1638 மே 18ஆம் நாள், இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு வெஸ்டர்வோல்ட் தலைமையிலான ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். இலங்கையில் போர்த்துக்கேயர் ஒல்லாந்தரிடம் இழந்த முதற் கோட்டை இது. ஐந்து நாள் கழித்து, மே 23ஆம் நாள், அரசனுக்கும் ஒல்லாந்தருக்குமிடையே உடன்படிக்கை எழுதப்பட்டது.

பேர்த்தியின் ஆய்வு அவ்வுடன்படிக்கையைப் பற்றியது. கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைப்பது பற்றிய பிரிவில், ‘அரசன் விரும்பினால்’ எனப் பொருள்படும் தொடரொன்று அரசன் கொண்டிருந்த படியில் இருந்தது. ஒல்லாந்தர் படியில் அது இல்லை. ஒரு சிறு தொடர். அதனைக் கொண்டு அரசன் கோட்டைகளைத் தன்னுடையன என்றான். அதனைக் காணாத ஒல்லாந்தர் செலவு தீரும்வரை தம்முடையன என்றனர். பின்வந்த நீண்ட பிணக்குக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. கொத்தளத்தின் நிழலில் நின்று அவள் இதனை விளக்கியபோது தோழியர் கேட்டுக்கொண்டிருந்தனர். முதியவர் கைகளைப் பின்னாற் கட்டிக்கொண்டு, வகுப்பறையிற் சுற்றிவரும் பழக்கத்தில் அங்குமிங்கும் நடந்தவாறே கேட்டார்.

“அந்தத் தொடரை எழுதாம விட்டவன் மறந்து விட்டானா, வேணுமெண்டே விட்டானா?”

“அதைத்தான் அம்மப்பா நான் எழுதப்போறன்.”

“எழுது. எழுதினதுதான் நிக்கும்.”

அவ்வுடன்படிக்கையில் வேறொரு பிரிவும் உண்டு. அதுவே அன்றைய பயணத்துக்கு நேரிற் பொருந்துவது. கத்தோலிக்கக் குருமாரும் துறவியரும் கலகங்களுக்குக் காரணராவர் எனக்கூறி, அவர்களைத் தன் நாட்டில் வாழவிடலாகாது என்று அரசனை அது கட்டுப்படுத்தியது. அது எழுதப்பட்ட இடத்திலிருந்து மணியோசை கேட்கும் தொலைவில் இன்று நிற்பது ஒரு மேற்றிராணியாரின் பேராலயம். யாழ்ப்பாணத்துப் பெண் இதனைக் கேட்டதும், “அப்ப அந்தப் பிரிவை ஒருத்தரும் வாசிக்கேல்லைப் போல” என்றாள். வெயிலையும் மறந்து எல்லாரும் சிரித்தனர்.

சட்டத்தால் விலக்கப்பட்டது நிலைத்ததற்கும், சட்டமாய் நின்றது மறைந்ததற்கும் இவ்வூரில் சான்றுகள் பல. கோட்டையைக் கட்டியாண்டவர் மொழி எங்கே என்று தேடினால், ஒல்லாந்த மொழியை வீட்டிற் பேசுவார் இங்கு எவருமிலர். தோற்று வெளியேறிய போர்த்துக்கேயரின் மொழியோ, அரசின் ஆதரவு எதுவுமின்றி, மட்டக்களப்புப் பறங்கியர் சிலரின் வீடுகளில் கிரியோல் வடிவில் இன்றும் உயிர் வாழ்கின்றது. தச்சு, கொல்லு முதலிய கைத்தொழில்களைச் செய்து வந்த குடும்பங்கள் அவை. கல்யாண வீட்டில் வயலினோடு ஆடும் கஃப்ரிஞ்ஞா ஆட்டமும் அவர்களிடம் எஞ்சியுள்ளது. அவர்களைத் தனியே நோக்குவானேன்? கதிரையும் மேசையும் அலுமாரியும் சப்பாத்தும் பாணும் குசினியும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்களே. தமிழாசிரியராய் முப்பத்தைந்தாண்டு கற்பித்த முதியவர் இதனை விரிவாகச் சொல்லத் தொடங்கினார். பேர்த்தி இடைமறித்து, பசிக்கின்றது என்றாள்.

தேநீர்க் கடைக்குச் செல்லும் வழியில் வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலை உண்டு. 1814இல் இலங்கைக்கு வந்த முதல் வெஸ்லியன் குழுவினருள் ஒருவர் அவர். மட்டக்களப்புக்கு வந்து ஓராண்டு நிறையுமுன்னரே, 1815 ஏப்பிரலில், நோயால் மாண்டார். அச்சொற்ப காலத்தில் அவர் தொடங்கிய கல்விப்பணியிலிருந்தே மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தைக் கணிக்கின்றது.

பேராலயத்தை அவர்கள் அடைந்தபோது மதியம். முன்மண்டபத்தில் செருப்புகளைக் கழற்றி வைத்தார் முதியவர். கழற்ற வேண்டியதில்லை என யாழ்ப்பாணத்துப் பெண் மெல்லச் சொன்னாள். “கோயில்தானே, மகள்” என்றார். உள்ளே குளிர்ச்சி. மரியன்னையின் சுரூபத்தின் முன் மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. வாங்குகளில் இரண்டொருவர், ஒரு தாய், மடியிற் பள்ளிச் சீருடையணிந்த பிள்ளையோடு. ஆலயத்தைக் கவனிக்கும் சங்கிலித்தாம் பீடத்தின் பக்கம் ஏதோ துடைத்துக்கொண்டிருந்தார். அப்பணிப் பெயரும் வாங்கு என்ற சொல்லும் போர்த்துக்கேயர் தந்தனவே என்பதை முதியவர் இப்போது பேர்த்தியின் காதில் சொல்லாமல் விடவில்லை.

இவ்வாலயத்தின் வரலாறு ஒரு நேர்கோடன்று. ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் கத்தோலிக்கம் மறைவில் வாழ்ந்தது. கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் வந்த யோசப் வாஸ் அடிகளாரும் அவர்தம் சபையினருமே தீவெங்கும் அதற்கு உயிரூட்டினர். ஆங்கிலேயர் 1795இல் கோட்டையைக் கைக்கொண்டனர். 1806இல் கத்தோலிக்கர்மேல் இருந்த தடைகள் நீக்கப்பட்டன. திருகோணமலை மேற்றிராசனம் 1893இல் நிறுவப்பெற்று, 1895 முதல் பிரெஞ்சு யேசுசபைத் துறவியர் கிழக்கே வந்தனர். 1967இல் அது திருகோணமலை-மட்டக்களப்பு எனப் பெயர் பெற்றது; 2012இல் மட்டக்களப்பு தனி மேற்றிராசனமாயிற்று. ஆக, மட்டக்களப்பு நகரம் பழையது. அதன் தனி மேற்றிராசனமோ பதின்மூன்று வயதைத் தாண்டிய சிறுபிள்ளை.

ஆனால் இவ்வாலயத்தின் பெயரை வெளியுலகம் கேட்டது வேறு காரணங்களால். பங்குத் தந்தையாயிருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் 6ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். பதினேழு ஆண்டுகளின் பின், 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது, நற்கருணை பெற்றுத் தம் இருக்கைக்குத் திரும்பிய பாராளுமன்ற உறுப்பினர் யோசப் பரராசசிங்கம், கூடியிருந்த மக்கள் நடுவே, ஆலயத்தினுள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார், துணைவியார் படுகாயமுற்றார். அவ்வழக்கிற் குற்றஞ்சாட்டப்பட்டோர் 2021இல் விடுதலை செய்யப்பட்டனர். இவ்வாலயத்துக்கு அப்பால், இதே நகரின் சீயோன் தேவாலயத்தில், 2019 ஏப்பிரல் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று, தற்கொலைக் குண்டுதாரியொருவன் பல குழந்தைகளையும் பெரியோரையும் கொன்றான்.

ஹற்றன் பெண், எந்த வாங்கு என்று சங்கிலித்தாமைக் கேட்டுவிட்டாள். கேட்டதில் தவறில்லை, அறியும் ஆவலே. அவர் துணியைக் கையில் வைத்தவாறு சற்று நின்றார். பின்னர், “இருங்க பிள்ளை, எங்கயும் இருக்கலாம்” என்று சொல்லி உள்ளே போய்விட்டார். அவள் முகம் சிவந்தது. முதியவர் அருகில் இருந்த வாங்கில் அமர்ந்து, அவளையும் அமரச் சொன்னார். நெடுநேரம் நால்வரும் அங்கே பேசாமல் இருந்தனர். சைவக் குடும்பத்தில் பிறந்து, தான்தோன்றீஸ்வரர் ஆலயத் தேரில் ஆண்டுதோறும் வடம்பிடிப்பவர் அவர். கொக்கட்டிச்சோலையின் கல்நந்தி புல்லுண்டு காட்டிப் பறங்கித் தளபதியைத் துரத்திய கதையைப் பேர்த்திக்கு நூறு முறை சொல்லியிருப்பவர். அவர் ஏன் இவ்வளவு நேரம் அங்கே இருந்தார் என்பது அவளுக்கு விளங்கவில்லை.

விளங்கியது வெளியே வந்து, புனித மிக்கேல் கல்லூரிப் பக்கம் நடந்தபோது. கிழக்கிலங்கைக் கல்வி வரலாற்றில் அக்கல்லூரிக்குத் தனியிடம் உண்டு. பிரெஞ்சுத் துறவியாகிய பொனெல் அடிகளாரின் காலத்தில் அது வளர்ந்தது. காரைதீவு மயில்வாகனனார், பின்னாளில் விபுலாநந்த அடிகளாகி, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் 1943இல் அமர்ந்தவர், பயின்றதும் அங்கே. சிலகாலம் கற்பித்ததும் அங்கே. யாழ் நூலை எழுதிய சைவத் துறவிக்குக் கணிதமும் விஞ்ஞானமும் கற்ற காலத்தில் துணைநின்றவர் கத்தோலிக்கத் துறவியர் என்பதைப் பிற்காலத்தார் அடிக்கடி மறந்துவிடுகின்றனர். இரண்டாம் உலகப்போரின் பின் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பகுதியிலிருந்து யேசுசபையினர் வந்தனர். கூடைப்பந்தாட்டம் மட்டக்களப்பில் வேரூன்றியது அவர்களால். சிறுவனாய்த் தோணியேறி நகருக்கு வந்த முதியவர், வெள்ளை அங்கியை மடித்துச் சொருகிக்கொண்டு பந்தெறியும் பாதிரிமாரை மதிலுக்கு வெளியே நின்று பார்த்ததுண்டு. அவர்கள் தமிழ் பேசிய விதத்தை நடித்துக் காட்டியும் சிரித்தார்.

அத்துறவியருள் ஒருவரான இயூஜின் ஹேபர்ட் அடிகளார், 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள், வாழைச்சேனையிலிருந்து இளைஞர் ஒருவருடன் மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமற் போனார். இருவரும் திரும்பவே இல்லை. அந்த ஆண்டு காணாமற் போனோர் பலர். ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின், வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாய்த் தங்கியிருந்தோருள் 158 பேர் செப்டெம்பர் 5ஆம் நாள் கொண்டுசெல்லப்பட்டனர் என்பது, 1994இன் பின் அமைந்த ஆணைக்குழுவின் முன்னும் வைக்கப்பட்ட செய்தி. பல்கலைக்கழகத்தார் மறத்தற்குரிய எண் அன்று அது. ஏனைய இடங்களில் எண் வைப்பாரும் இலர். அக்காலத்தில் மட்டக்களப்புச் சமாதானக் குழுவினர், யேசுசபைத் துறவி ஹரி மில்லர் முதலானோர், வீடு தேடி வந்தோரின் முறைப்பாடுகளை ஒன்றொன்றாய் எழுதிவைத்தனர். மில்லர் அடிகளார் 1948இல் இந்நகருக்கு வந்து, அறுபதாண்டுகளுக்கு மேல் இங்கே வாழ்ந்தவர்.

முதியவரின் தம்பி அவ்வாண்டு வயலுக்குப் போனவர் திரும்பவில்லை. பேர்த்திக்குத் தெரிந்தது அவ்வளவே. வீட்டில் எவரும் அதனைப் பேசுவதில்லை. சுவரில் மாலையிடாத படமொன்று உண்டு. மாலையிடத் தம்பியின் மனைவி உடன்படவில்லை. அன்று துறவியரின் இல்லத்து மதிலோரமாக நின்று முதியவர் மிகுதியைச் சொன்னார்.

தம்பியின் மனைவியை அழைத்துக்கொண்டு அவர் அலையாத இடமில்லை. முகாம்களிற் கேட்டனர், அலுவலகங்களிற் கேட்டனர். எங்கும் ‘அப்படி ஒருவர் இங்கு இல்லை’ என்பதே மறுமொழி. பெயரைச் சொல்லி முடிக்குமுன்னரே அந்த மறுமொழி வந்துவிடும். கடைசியில் யாரோ சொல்ல, தோணியிற் கடந்து, சோதனைச் சாவடிகளில் இறங்கியேறி, புளியந்தீவுக்கு வந்தனர். அங்கு துறவியொருவர் இருவரையும் கதிரையில் அமரச் செய்து தண்ணீர் கொடுத்தார். பெரிய கொப்பி ஒன்றை எடுத்தார். முழுப்பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், போன நாள், உடுத்திருந்த உடை. ஒவ்வொன்றாய்க் கேட்டு எழுதினார். எழுதி முடித்தபின் அதனை உரத்து வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டார்.

“அந்த அஞ்சு மாசத்தில வேற மனிசர் ஒருத்தர் அவன்ட பேரை முழுசாச் சொன்னது அண்டைக்குத்தான்” என்றார் முதியவர். “ஆளைக் கண்டுபிடிச்சுத் தருவன் எண்டு அவர் சொல்லல்ல. எழுதியிருக்கன் எண்டுதான் சொன்னவர். உன்ட சின்ன அம்மம்மா அண்டைக்குத்தான் சோறு தின்டவ.”

உள்ளே போய் அக்கொப்பி இருக்கின்றதா எனக் கேட்போமா என்றாள் பேர்த்தி. அவர் வேண்டாம் என்று கையசைத்தார். அப்போது அங்கிருந்து வெளியே வந்த அவர், வழியிற் பேராலயத்துள் நுழைந்து சிறிதுநேரம் இருந்துவிட்டுப் போனாராம். அதன்பின் அன்றுதான் மீண்டும் உள்ளே சென்றிருக்கின்றார்.

பிற்பகல் கல்லடிப் பக்கம் சென்றனர். சிவானந்த வித்தியாலய வளவில் விபுலாநந்த அடிகளின் சமாதி உண்டு. 1947 ஜூலையில் மறைந்த அடிகளின் சமாதியில், இறைவன் உவக்கும் மலர் எது என வினவி விடைகூறும் அவர்தம் பாடல் பொறிக்கப்பட்டிருக்கின்றது. முதியவர் அதனைப் பார்க்காமலே, கண்ணை மூடியபடி ஒப்புவித்தார். அப்பால் கடற்கரை. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை டச்பாரையும் நாவலடியையும் அழித்த இடம் அது. டச்பாரில் வாழ்ந்த பறங்கியர் பலர் அன்று மாண்டனர். ஏற்கனவே சிலராகிவிட்ட மொழியினர் மேலும் சிலராயினர். திருச்செந்தூர் முருகன் கோயிற் கோபுரம் ஆழிப்பேரலையின் பின் சரிந்து நின்ற காட்சியைத் தோழியர் படத்திற் கண்டிருந்தனர்.

பாடும் மீனுக்கு வந்த ஹற்றன் பெண்ணுக்கு ஏமாற்றமே காத்திருந்தது. அவ்வோசை சித்திரை முதல் புரட்டாதி வரையான மாதங்களில், நிறைநிலா இரவுகளில், வாவி அசைவற்றிருக்கும்போது பாலத்தடியிற் கேட்பது. தோணியில் இருந்து துடுப்பின் ஒருமுனையை நீருள் இறக்கி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். 1848இல் இங்கு வந்த எமேர்சன் ரெனன்ற் அதனைக் கேட்டு எழுதியிருக்கின்றார்; பல தந்திகள் ஒருங்கே மெல்ல அதிர்வதைப் போன்றது என்பது அவர் கூற்றின் சாரம். பாடுவது மீன் அன்று, ஊரி என்பது மீனவர் அவருக்குச் சொன்ன விளக்கம். 1950களில் யேசுசபைத் துறவியாகிய லாங் அடிகளார் அதனை ஒலிப்பதிவு செய்ய, அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. விபுலாநந்த அடிகளோ அதனை நீரரமகளிரின் இசையாகக் கண்டு பாடினார். ஆய்வாளர் விடை இன்னும் முடிந்த விடையன்று. பட்டப்பகலில் பழைய பாலத்தில் நின்று, முச்சக்கர வண்டிகளின் இரைச்சலுக்கிடையே, அவள் கம்பியின்மேல் காதை வைத்துப் பார்த்தாள். தூண்டில் போட்டிருந்த சிறுவன் ஒருவன், “இரவைக்கு வாங்க அக்கா” என்று அறிவுரை கூறினான்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். முதியவருக்கு யன்னலோர இருக்கை கிடைத்தது. காத்தான்குடியைக் கடக்கும்போது மாலைத் தொழுகைக்கு அழைக்கும் குரல் கேட்டது. பேர்த்தி தன் ஆய்வுக் குறிப்பேட்டைத் திறந்தாள். காலையிற் கோட்டையின் அளவுகளைக் குறித்திருந்த பக்கத்தைப் புரட்டி, வெற்றுப் பக்கமொன்றை எடுத்தாள்.

“அவருடைய முழுப்பெயர் என்ன, அம்மப்பா?”

அவர் உடனே விடை கூறவில்லை. மண்முனைப் பாலத்தில் பஸ் ஏறியபின், தகப்பன் பெயரோடு சேர்த்து, மெல்லச் சொன்னார். வயது, ஊர், போன நாள் என ஒவ்வொன்றாய் அவள் கேட்க, அவர் சொல்லச் சொல்ல, குலுங்கும் வண்டியில் எழுதினாள். எழுதி முடித்து, தோழியர்க்கும் கேட்கும்படி வாசித்துக் காட்டினாள். அவர் கையை நீட்டிக் குறிப்பேட்டை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார்.

“இந்த எழுத்து பெரிய ற, மகள்” என்றார். அவள் வெட்டித் திருத்தி எழுதினாள்.